ஓடாத டிசைன்தான் வேண்டும்

“…உங்கள மாதிரியே வேணும் அக்கா. அந்த ரெண்டு பின்னு, அந்த மடிப்பு, அந்த மூஞ்சி, எல்லாம். ஒரே ஒரு நாளைக்கு. சண்டே மட்டும்.”

ஆபீஸ் கேன்டீனில் என் ஷாலின் நுனியைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கெஞ்சியவள் யார் என்று தெரிந்தால்தான் எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்பது விளங்கும். எனக்கு ‘பீரோ அக்கா’ என்று பெயர் வைத்தவளே அவள்தான். “நாலு பக்கமும் மூடி, பூட்டுப் போட்டு, சாவியையும் உள்ளயே வெச்சுட்டாங்க” என்று அதற்கு விளக்கமும் அவளே கொடுத்தாள். ஒரே வாரத்தில் அந்தப் பெயர் மாடி முழுக்கப் பரவி, கீழே வாட்ச்மேன் வரைக்கும் போய்விட்டது. அவர் மட்டும் மரியாதையாக ‘பீரோ மேடம்’ என்பார்.

எங்கள் ஆபீஸ் ஹைதராபாத் ஹப்சிகுடாவில், மெயின் ரோட்டை ஒட்டி. கீழே ஸ்வீட் கடை, மேலே நாங்கள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவது வேலை. ஊரின் மேற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பளபளப்பில் ஒரு சிதறல் எங்கள் பக்கமும் வந்து விழுந்திருந்தது. நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. கல்யாணமாகி, மத்திய அரசு கம்பெனியில் வேலை பார்க்கும் கணவரோடு ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்தேன். இங்கிலீஷ், டைப்பிங், தெலுங்கு எல்லாம் அங்கங்கே காது கொடுத்துப் பிடித்தவை. யார் பேசினாலும் நின்று கேட்டுவிடுவேன். என்னைப் பற்றிப் பேசினால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்று கேட்பேன்.

அப்போது நான் உடுத்தியதைச் சற்று விவரமாகவே சொல்கிறேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. பருத்திச் சுடிதார், கழுத்து வரை மூடியது, முழங்கை தாண்டிய கை. தைக்கும்போதே இன்னொருத்தியும் உள்ளே வந்து உட்கார இடம் விட்டுத் தைக்கச் சொல்வேன். அழுக்குத் தெரியாத நிறங்கள்: கடுகு, செங்கல், தோலோடு ஊறப்போட்ட உளுந்து. அதற்கு மேல் கஞ்சி போட்ட அகலமான ஷால். இஸ்திரி மடிப்புக் கலையாமல் விசிறி மாதிரி மடித்து, இரண்டு தோளிலும் பின் குத்தி, நடுவில் நெஞ்சை மூடி இறங்கும். தமிழ்நாட்டுக் காலேஜ்களில் பெண்பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் குத்திக்கொண்டு போவார்கள். காலேஜ் வாசலை மிதிக்காத நான் அந்த ஒரு பாடத்தை மட்டும் வெளியே இருந்தே கற்றுக்கொண்டேன். எண்ணெய் வைத்த ஒற்றைப் பின்னல், ரப்பர் செருப்பு, தோளில் ரெக்சின் பை. இவ்வளவுதான் நான்.

ஷால் என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுடிதாருக்கு மேலே போடுவதை நம் பக்கத்தில் ஷால் என்போம். ஹைதராபாதில் அதற்கு வேறொரு சொல் இருக்கிறது. சின்னக் குழந்தை முதல் துணிக்கடைக்காரர் வரை கூசாமல் சொல்லும் சொல். தமிழ்க் காதுக்கோ, வீட்டில் சொன்னால் வாயிலேயே அடி விழும். இந்த ஊருக்கு வந்த தமிழ்ப் பெண்கள் பலரும் முதன்முதலில் அதைக் கடையில் கேட்டுவிட்டு, வாங்க வந்ததை மறந்து படியிறங்கியிருப்பார்கள். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. எத்தனை வருஷம் இருந்தும் என் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஷால், ஷால் என்றே சமாளித்து வந்தேன். அந்தச் சமாளிப்பு பின்னால் ஒரு வீட்டு நடுஹாலில் என்னை நிறுத்தி வைத்து வேடிக்கை பார்த்தது.

ஆபீஸில் மற்றவர்கள் எல்லாரும் ஜீன்ஸ், குட்டைக் குர்த்தி. ஷால் போட்ட ஒன்றிரண்டு பேரும் அதைக் கழுத்தில் மஃப்ளர் மாதிரிச் சுற்றியிருப்பார்கள். ‘பீரோ’ என்று பெயர் வந்த புதிதில் எனக்கும் கொஞ்சம் ஆசை தட்டியது. முழங்காலுக்கு மேலே நின்ற ஒரு குர்த்தியும் காலைப் பிடிக்கிற பேன்ட்டும் வாங்கினேன். அன்று முழுவதும் ஒரு கை குர்த்தியை இழுத்து விடுவதிலேயே போனது. மிச்சமிருந்த ஒரு கையால் டைப் அடித்தேன். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்த கணவர், “யாரு வேணுங்க?” என்றார். கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்பது இன்றுவரை தெரியாது.

மறுபடி துணிக்கடைக்குப் போனேன். நான் வழக்கமாகப் போகும் கடையின் சொந்தக்காரரை எல்லாரும் சாச்சா என்பார்கள். புதுசாக வந்தவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். நான் கேட்டேன்: “சாச்சா, உங்க கடையில ஓடாத டிசைன் எது?”

“கைக்கு அம்மா?” என்றார். ஏன் என்று கேட்க இந்த ஊர்க்காரர்கள் சொல்வது. “எல்லாரும் ஓடுறதக் கேக்கறாங்க. நீங்க மட்டும் கைக்கு?”

“ஓடாததுதான் வேணும். நீங்களே மறந்து போனதா இருக்கணும்.”

ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து நாலைந்து பீஸ்களைக் கீழே தள்ளினார். தூசி தட்டினார். செங்கல் நிறத்தில் கரும்புள்ளி, கடுகு நிறத்தில் கட்டம். “இது கடைக்கு வந்தப்ப என் பையனுக்கு மீசையே இல்ல. இப்ப அவன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாச்சு. துணி மட்டும் அங்கயே உக்காந்திருக்கு” என்றார். இப்படி ஒரு பேச்சோடு வருகிற துணியை யாராவது விடுவார்களா? எல்லாவற்றையும் வாங்கினேன். அன்றிலிருந்து தெரிந்தே, தேர்ந்தெடுத்தே ஓடாததை உடுத்தினேன்.

அதற்குப் பிறகு பேச்சுகள் வந்து குவிந்தன. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் அம்மா சொன்னாள்: “உங்ககிட்ட காசு கேக்கவே பயமா இருக்கு மேடம். கையில கொஸ்டீன் பேப்பரத் திணிச்சுடுவீங்களோன்னு.” எங்கள் வாட்ச்மேன், “பீரோ மேடம் கேட்டுக்குள்ள வந்தா சல்யூட்டு தானா மேல போகுது, நான் தூக்கறதே இல்ல” என்றார். பீரோ என்று பெயர் வைத்தவளோ, நான் செங்கல் நிறத்தில் வந்த முதல் நாள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அக்கா, வீடு கட்டறீங்களா?” என்று கேட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் புரையேறியது.

வெள்ளிக்கிழமைகளில் இஷ்டப்பட்ட உடுப்பில் வரலாம் என்று ஆபீஸில் அறிவித்தார்கள். அந்த முதல் வெள்ளி எல்லாரும் வித்தியாசமாக வருகிறோம் என்று வந்து, ஒரே கடையில் எடுத்த மாதிரி நின்றார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்ததும் நேராக என்னிடம் வந்து, “நீங்கள் மட்டும்தான் இஷ்டப்பட்ட உடுப்பில் வந்திருக்கிறீர்கள் போல” என்றார். அவர் பாராட்டினாரா, குத்தினாரா என்று யோசித்துப் பார்த்தேன். பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

இனி அவள் கெஞ்சிய கதைக்கு வருகிறேன்.

அவள் தெலுங்குப் பெண். ஏ.எஸ்.ராவ் நகரில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால், எல்லா மொழியும் கலந்து தமிழ் பேசுவாள். வயது இருபத்துமூன்று இருக்கும். அவள் காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, காதில் வளையல் அளவுக்கு வளையம், வாயில் எப்போதும் யாரைப் பற்றியாவது ஒரு கேலி. வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அசைய மாட்டாள். இரவு ஷிஃப்ட்டை அவளாகவே கேட்டு வாங்கியிருந்தாள். ‘அந்நேரம் டாக்டருங்க வாய்ஸ் க்ளியரா இருக்கும் அக்கா, ஊரும் வாயை மூடிக்கும்’ என்பாள். காலையில் நான் வேலைக்கு வரும்போது, அவள் முடித்துவிட்டுக் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனை அவள் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். பிறகு போனிலும் பேசியிருக்கிறாள். “அவன் சிரிச்சா போனு வைப்ரேட் ஆகும் அக்கா” என்றாள். அதற்கு மேல் அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. சிக்கல் வேறு. நடுவில் பேசிய உறவுக்காரர், பையனின் பெற்றோர் பழைய காலத்து ஆட்கள், ஒழுங்கு முறை பார்ப்பவர்கள் என்று சொல்லியிருந்தார். இவளுடைய அம்மா பயந்துபோய், பெண் ஏதோ கம்ப்யூட்டர் சென்டரில் பகல் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். இரவு ஷிஃப்ட் என்று தெரிந்தால் இடம் கை நழுவிப் போகும். பகல் வேலை என்று நம்பவைத்துக் கல்யாணம் செய்தால் இந்த வேலை போகும்.

“எனக்கு அவனும் வேணும், ஹெட்போனும் வேணும்” என்றாள்.

“அதுக்கு என் ஷால் எதுக்குடி?”

“உங்களப் பாத்தா யாருக்கும் டவுட்டே வராது அக்கா. ராத்திரி எட்டு மணிக்கு மேல முழிச்சிருப்பீங்கன்னே தோணாது.”

எனக்குச் சுருக்கென்றது. கேலி எத்தனையோ கேட்டிருக்கிறேன், இது கேலி இல்லை. அவள் நிஜமாகவே அப்படி நம்பினாள். டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அடியே, நான் அடக்கமா இருக்கேன்னு இதப் போடறேன்னு நெனச்சியாக்கும்? நாலு பேரு பாத்துச் சிரிப்பாங்கன்னு தெரிஞ்சே போட்டுக்கிட்டு, கைய வீசி நடந்து வாரேன் பாரு. அதுக்கு எம்புட்டுத் திமிரு வேணும் தெரியுமா? உங்க ஜீன்ஸு எல்லாத்துலயும் சேத்துக்கூட அம்புட்டு இருக்காது.”

“நக்கோ அக்கா, லெக்சர் வேணாம். ஷால் மட்டும் குடுங்க.”

“தாரேன். ஆனா என் ஷாலப் போட்டுக்கிட்டுப் பொய் சொல்லப்படாது. வேலையப் பத்திக் கேட்டா உள்ளதச் சொல்லணும்.”

“கேட்டா சொல்றேன்.”

“கேக்கலைன்னா?”

அவள் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்தார். நல்ல பெண்மணி, தெலுங்கு மட்டுமே தெரியும். நாளைக்கு வருகிறீர்களாமே, என்னென்ன ஏற்பாடு செய்யட்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த தெலுங்கில், ஒன்றும் வேண்டாம், நான் ஷால் கொண்டு வருகிறேன் என்றேன். அய்யோ, அதெல்லாம் எதற்கு மேடம் என்றார். கூச்சப்படுகிறார் போல என்று நினைத்து, “அதி லேகுண்டா எலாகண்டி? அதே மரியாத!” என்று அழுத்திச் சொன்னேன். அது இல்லாமல் எப்படி, அதுதானே மரியாதை என்று அர்த்தம். நெஞ்சை மூடுவது மரியாதை என்று நான் சொன்னேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிறு மத்தியானம் போனேன். நான் கடுகு நிறம். அவளுக்குச் செங்கல் நிறத்தில் ஒரு செட், கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் செய்தித்தாளில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். பின்னலைப் போட்டு, வளையங்களைக் கழற்றி, ஷாலை மடித்து இரண்டு தோளிலும் குத்திவிட்டேன். கண்ணாடியில் பார்த்தவள், “அக்கா, என்ன கூரியர்ல அனுப்பப் போறீங்களா?” என்றாள்.

உண்மையில் அப்படித்தான் இருந்தது. அதே துணி, அதே மடிப்பு, என் கையால் குத்திய பின். என் மேல் இருக்கும்போது நான் நடக்க நடக்க அதுவும் கூட நடக்கும். அவள் மேல் யாரோ ஒட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிறவள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. சொல்லக்கூடாதுதான், எனக்குள் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. பீரோவாக இருப்பது லேசுப்பட்ட காரியமா?

ஹாலில் நடுவாக ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, அதன்மேல் புதுத்துண்டு விரித்திருந்தது. பெண்ணுக்கு என்று நினைத்து, “போய் உக்காரு” என்று அவளைத் தள்ளினேன். அவள் அம்மா பதறி ஓடிவந்து, அது சம்பந்தி உட்கார என்றார். சரி, இவர்கள் வழக்கம் போல என்று ஒதுங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ராமச்சந்திராபுரத்திலிருந்து வந்தார்கள். ஊரின் அந்தக் கோடி அது. அப்பா, அம்மா, பையன், மூன்றே பேர். அப்பா அங்கே இருக்கும் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வெயிலில் பட்டு ஜிப்பா, அன்று காலையில் அடித்த தலைச்சாயம், நெற்றியில் குங்குமம். பெண் பார்க்க வருகிறவர் இவ்வளவு ஜோடித்துக்கொண்டு வருவாரா என்று ஆச்சரியமாக இருந்தது. பையன் கையில் ஒரு கேமரா. அம்மா வீட்டை, தட்டை, ஜன்னல் திரையை, என்னை, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “மீரு தமிழ் கதா, தமிழ்தானே? எங்க ஃபேக்டரி ஷாப்ல நெறய தமிழ் ஆளுங்கம்மா. கொஞ்சம் கொஞ்சம் மாட்லாடுவேன்.” பிறகு தானாகவே ஆரம்பித்தார். “நான் ரிட்டயர்மென்ட் ஆன தினம் பந்த். பஸ்ஸு லேது. ஆளு லேது. மீட்டிங்கு லேது. கேட்ல செக்யூரிட்டி ஒருத்தரு இருந்தாரு. அவரு மட்டும், சரே சார், வெள்ளண்டி, போய்ட்டு வாங்கன்னு சொன்னாரு. நான் வந்துட்டேன். சால்வா கீல்வா ஒண்ணும் லேது. இப்போ மீரு…” என்று நிறுத்தி, கழுத்தைக் கொஞ்சம் குனிந்து காட்டினார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்போது பெண்ணின் அம்மா முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மேடம்காரு இப்புடு சாலுவா கப்புதாரு” என்றார். மேடம் இப்போது சால்வை போர்த்துவார். பையன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

சாலுவா! மேடையில் பெரிய மனிதர்களுக்குப் போர்த்துவோமே, அந்தப் பொன்னாடை. நான் போனில் சொன்ன ஷாலை இவர் சாலுவாவாக்கி, அதுதான் மரியாதை என்று நான் வேறு அடித்துச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். பெண்ணின் ஆபீஸ் மேடம் வந்து உங்களைக் கௌரவிக்கப் போகிறார் என்று! ஜிப்பாவும் தலைச்சாயமும் கேமராவும் எதற்கென்று இப்போது புரிந்தது.

எல்லார் கண்ணும் என் கையைப் பார்த்தன. என் கையில் ரெக்சின் பை மட்டும்தான் இருந்தது. அதற்குள் பஸ் டிக்கெட்டும் சீப்பும். இன்னொரு கை தானாக என் தோளில் குத்தியிருந்த பின்னுக்குப் போய், அங்கேயே நின்றது. வாயைத் திறந்து விளக்கிப் பார்த்தேன். “ஷால் அண்டே… இதி” என்று என் நெஞ்சில் கிடந்ததைக் காட்டினேன். அந்த ஊர்ச் சொல்லைச் சொல்லியிருந்தால் ஒரே நொடியில் எல்லாருக்கும் விளங்கியிருக்கும். சொல்லும் நாக்கு எனக்கு இல்லை.

பையனுக்குத்தான் முதலில் புரிந்தது. சிரித்துவிட்டான். போன் அதிரும் என்று அவள் சொன்னது பொய்யில்லை, கேமரா ஆடியது. அவனுடைய அம்மா திரும்பிப் பார்த்தார். “ஏமிட்டி, எகதாளியா?” என்றார். நம் எகத்தாளம்தான். கூப்பிட்டு வைத்துக் கேலி செய்கிறீர்களா என்று கேட்கிறார். அப்பா மெல்ல நிமிர்ந்து, ஒன்றும் கலையாத ஜிப்பாக் காலரைச் சரிசெய்துகொண்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இடம் கை நழுவுகிறது என்று அந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஷிஃப்ட்டைப் பற்றிக் கேள்வி வருவதற்கு முன்னாலேயே போகப்போகிறது.

சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்தவள், தட்டை ஸ்டூலில் வைத்தாள். இடது தோளில் ஒரு பின்னைக் கழற்றி உதட்டில் கவ்வினாள். வலது தோளில் இன்னொன்று. நான் விசிறியாக மடித்த மடிப்பை ஒரே உதறலில் விரித்தாள். செங்கல் நிறமும் கரும்புள்ளியுமாக அது முழு அகலத்துக்குத் திறந்தது. அவ்வளவு பெரிய துணி என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நேராக நடந்துபோய், பையனின் அப்பா தோள்களில் போர்த்தி, முன்பக்கம் இரண்டு நுனியையும் இழுத்துச் சமன் செய்துவிட்டாள். கேமரா பழக்கத்தில் க்ளிக் என்றது.

அந்தப் படத்தை அவர்கள் வீட்டில் இன்றைக்கும் மாட்டியிருக்கிறார்கள். சாச்சா மறந்துபோன துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அந்த ஷாலை நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்.

உதட்டிலிருந்த பின்களை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அவள் பேசினாள். தெலுங்கில்தான், ஒரு வார்த்தை விடாமல் ஞாபகமிருக்கிறது. “இது அக்காவோடது அங்கிள். நான் தெனமும் இப்படிப் போட மாட்டேன். எனக்கு இது வராது, அக்காவுக்குத்தான் வரும். இன்னொண்ணு. நான் பாக்கறது பகல் வேலை இல்ல. ராத்திரி ஷிஃப்ட். எனக்கு அது பிடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன்.”

ஷால் இல்லாமல், சுவரைப் பிடிக்காமல், கேன்டீனில் என்னைச் சுற்றி வந்து வீடு கட்டறீங்களா என்று கேட்டாளே, அப்படி நின்றாள். என் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. யாரும் கேட்காமலேயே உள்ளதைச் சொன்னாளே!

அவள் அம்மா சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா ஷாலின் நுனியை விரலில் தேய்த்துப் பார்த்தபடி கேட்டார்: “ராத்திரின்னா? சி ஷிஃப்ட்டா?”

அவளுக்குப் புரியவில்லை. “நைட் அங்கிள். ஒம்பதுக்குப் போய் காலையில வர்றது.”

“அதான், சி ஷிஃப்ட்” என்றார், தன் ஊர்க்காரரைச் சந்தித்த மாதிரி. “நானும் போயிருக்கேன். பாதி வயசு அதுலதான் போச்சு. பகல்ல தூங்கறப்போ தலைகாணிக்கு மேல இன்னொரு தலைகாணி வெச்சுக்கணும், காதுக்கு.”

தொழிற்சாலைக்காரரிடம் ராத்திரி வேலையை மறைத்து வைத்து இத்தனை பாடு பட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கித்தான் ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் பையனின் அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தன் கணவரைப் பார்த்தார். அவர் தோளில் இருந்ததைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார்.

“இவரு சி ஷிஃப்ட் போன காலமெல்லாம் சாயங்காலம் சாப்பாட்டு டப்பா கட்டினது நான்” என்றார். “நீ போனா, உனக்கு யாரும்மா கட்டுவா?”

கேள்வி அவளிடம். பார்வை மட்டும் மகன் பக்கம் போனது. அவன் கேமராவை மடியில் இறக்கினான்.

“நான் கட்டறேன்” என்றான்.

“உனக்கு வீட்ல உப்பு எங்க இருக்குன்னு தெரியுமாடா?”

“தெரிஞ்சுக்கறேன்.”

அவள் உள்ளே போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. தன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து, ரசம் கீழ் அடுக்கில், சாதம் மேலே என்று அவனுக்கு விரலால் காட்டிவிட்டு, மறுபடி மூடி, கேமராவை ஒதுக்கி அவன் மடியில் வைத்தாள்.